முடி கருகும் வாசனை: ஒரு வலிப்பு நோயை நாங்கள் காணத் தவறிய கதை

இதை எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டோம். "எழுதுங்கக்கா. ஆனா பேரு போடாதீங்க, ஊரும் போடாதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தப்பா நெனச்சீங்களே, அதையும் எழுதுங்க" என்றாள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி. அங்குள்ள சமுதாயக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரவுப் பாடசாலை நடத்துகிறோம். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது வரை போகும். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளையில் வேலை. வருடத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார்கள். வளர்த்ததெல்லாம் ஆயாதான்.

ஆகஸ்ட் மாதம் இருக்கும். பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவள் பாதி வரியில் நின்றாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. வாய் எதையோ மெல்வதுபோல அசைகிறது. இடது கை துப்பட்டா முனையைப் பிடித்துப் பிசைகிறது. ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை நிமிடம். பிறகு திரும்பி வந்தாள். "என்னாச்சுடி?" என்று கேட்டால் முழித்தாள். கையில் இருக்கிற பேனாவைக் காட்டி "இது என்ன?" என்றால் "அது... அது..." என்கிறாள். ஐந்து நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல அடுத்த பத்தியை வாசித்தாள்.

இது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்திலும் வந்தது. அங்கே ஓர் ஆசிரியர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். கேள்வி கேட்டால் வாயை மென்றுகொண்டு நிற்கிறாள் என்று வெளியே நிறுத்தினார். "காலனிப் புள்ளைங்களுக்கு இவ்ளோதான் ஏறும்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னார். நாங்கள் சும்மா இருக்கவில்லை. தலைமையாசிரியரிடம் மனு கொடுத்தோம், பிறகு மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கொடுத்தோம். அந்த ஆசிரியர் வருத்தம் தெரிவிக்கும் வரை விடவில்லை. அந்த மனுவை இன்றைக்கும் தவறு என்று சொல்லமாட்டோம். ஆனால் அதில் இப்படி ஒரு வரி இருந்தது: "தொடர்ச்சியான சாதிய அவமானத்தால் மாணவி மனரீதியாகப் பாதிக்கப்பட்டு, வகுப்பறையில் உறைந்துபோகும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளார்."

அந்த வரியை எழுதியபோது எங்களுக்குச் சந்தேகமே இல்லை. சமூகவியலில் முதுகலை படித்தவர்கள் நாங்கள். களங்கம், உள்வாங்கிய ஒடுக்குமுறை என்று பேர் வைக்க எங்களுக்குத் தெரியும். அவள் இரவுப் பாடசாலையிலும்தானே உறைந்துபோகிறாள், அங்கே யார் அவளை அவமானப்படுத்துகிறார்கள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆயா வேறு மாதிரி சொன்னார். அந்தி நேரத்தில் புளியமரத்துப் பக்கம் போனதில் முனி அடித்துவிட்டது என்றார். பக்கத்து ஊர்ப் பூசாரியிடம் கூட்டிப்போனார். அங்கே வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை எல்லாம் நடந்தது. நாங்கள் ஆயாவிடம் போய் வகுப்பெடுத்தோம். 2001ல் ஏர்வாடியில் சங்கிலியோடு கருகிச் செத்த 28 பேரைப் பற்றிக்கூடச் சொன்னோம். ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது இல்ல சாமி, வரும்போது அவளுக்கு முடி கருகுற வாடை வருதாம், வவுத்துலருந்து ஏதோ மேல ஏறுதாம், அப்புறந்தான் கண்ணு நிக்குது" என்றார். நாங்கள் அதைப் பேய்க்கதையின் ஒரு பகுதி என்று நினைத்துத் தள்ளிவிட்டோம்.

அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் பேர் இருந்தது. மூளை நரம்பியல் படித்த எவரும் அதைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது வந்தது. கொதிக்கிற கஞ்சி வலது கையில் ஊற்றியது. அவள் கையை இழுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பிடித்து இழுக்கும்வரை கஞ்சி வழிந்துகொண்டே இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோம். கட்டுப் போட்ட செவிலியர் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கை சுடும்போது ஏன் இழுக்கல?" நாங்கள் விவரம் சொன்னோம். அவர் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, "இது ஃபிட்ஸாக்கூட இருக்கலாம்மா. எல்லா ஃபிட்ஸும் கை காலை இழுத்துக்கிட்டு வராது. பெரிய ஆஸ்பத்திரியில நியூரோவைப் பாருங்க" என்றார். ஐந்து மாதமாக நாங்களும் பள்ளிக்கூடமும் பூசாரியும் கேட்காத கேள்வியை அவர் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டார்.

வலிப்பு என்றால் நம் மனதில் வருவது ஒரே படம்தான். கீழே விழுவது, கை கால் வெட்டுவது, வாயில் நுரை, கையில் சாவிக்கொத்து. அது மூளையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிக்கும்போது வருவது. மூளையின் ஒரு பக்கத்தில், ஒரு சிறு இடத்தில் மட்டும் நரம்பணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் ஒன்றுசேர்ந்து மின்சாரத்தை வெளியிட்டால் அதற்கு ஃபோக்கல் சீஷர் என்று பேர். பகுதி வலிப்பு என்று சொல்லலாம். அந்த இடம் என்ன வேலை செய்கிறதோ அதுவே வலிப்பாக வெளியே தெரியும். கையை அசைக்கிற இடமாக இருந்தால் கட்டைவிரலில் தொடங்கும் துடிப்பு மெதுவாகத் தோள்வரை ஏறும். பின்மண்டையில் பார்வைக்கான இடமாக இருந்தால் வண்ண வண்ணமாக வெளிச்சம் தெரியும். காதுக்கு மேலே உள்ள டெம்பொரல் மடலாக இருந்தால் வயிற்றிலிருந்து ஏதோ ஏறும், இல்லாத வாசனை வரும், காரணமில்லாத பயம் வரும், இப்போது நடப்பது முன்பே நடந்தது போலிருக்கும். பிறகு நினைவு மங்கும், கண் நிலைக்கும், வாய் மெல்லும், கை எதையாவது பிசையும். இரவுத் தூக்கத்தில் திடீரென்று எழுந்து கை காலை உதறிக் கத்துவதும் முன்மடலில் தொடங்கும் வலிப்பாக இருக்கலாம். அதையும் நம் ஊர்களில் பேய் என்றுதான் சொல்கிறோம்.

வலிப்பு ஆய்வாளர்களின் உலக அமைப்பு 2017ல் இவற்றுக்குப் புதிதாகப் பேர் வைத்தது. பகுதி வலிப்பில் முதலில் கேட்க வேண்டியது, அந்த நேரத்தில் நினைவு இருந்ததா இல்லையா என்பது. அந்த முடி கருகும் வாசனையும்கூட ஒரு சிறிய வலிப்புதான், நினைவு தப்பாத வலிப்பு. அது பரவும்போது நினைவு போகிறது. இன்னும் பரவி மறுபக்கத்துக்கும் போனால் நாம் எல்லோரும் அறிந்த பெரிய வலிப்பு வருகிறது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். ஆயாவுக்கு ஒரு நாள் நூறு நாள் வேலை போச்சு. முதல் தடவை மூன்று நிமிடம் பார்த்தார்கள். "கை கால் இழுத்துச்சா? நுரை தள்ளுச்சா? ஒண்ணுக்குப் போயிட்டாளா?" எல்லாவற்றுக்கும் ஆயா இல்லை என்றார். கேட்காததை அவர் சொல்லவில்லை. நாங்களும் படித்தவர்கள் என்ற தோரணையில் முந்திக்கொண்டு எங்கள் விளக்கத்தைச் சொல்லிக் கெடுத்தோம். இஇஜி எழுதிக்கொடுத்தார்கள். தலையில் வயர் ஒட்டி அரைமணி நேரம் எடுத்தார்கள். நார்மல்.

அந்தச் சீட்டு வீட்டுக்குப் போனதும் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "மிஷின்லயே ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சு, அப்ப முனிதான்" என்று உறவுக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பூசாரிக்கு அடுத்த அமாவாசை குறிக்கப்பட்டது.

மாணவத் தோழர்கள் இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூளையின் மின்னலைகளை மண்டை ஓட்டுக்கு வெளியிலிருந்து பதிவுசெய்யலாம் என்று ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1929ல் வெளியிட்டார். நூறு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் அந்தக் கருவி பார்ப்பது அந்த அரைமணி நேரத்தை மட்டும்தான். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இஇஜி நார்மலாகவே வரும். அது வலிப்பு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வலிப்பைக் கண்டுபிடிப்பதில் முதல் இடம் கருவிக்கு இல்லை, நடந்ததைப் பார்த்தவரின் சொல்லுக்குத்தான். எப்படித் தொடங்கியது, எந்தப் பக்கம் தலை திரும்பியது, எந்தக் கை பிசைந்தது, எவ்வளவு நேரம், முடிந்ததும் பேச்சு வந்ததா. நோயாளிக்கு அது நினைவிருக்காது. பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்தச் சாட்சி, எழுதப் படிக்கத் தெரியாத, டாக்டர் முன்னால் உட்காரக்கூடத் தயங்குகிற ஓர் ஆயா. சாதி இந்த நோய்க்குள் எப்படி நுழைகிறது என்று கேட்டால் நாங்கள் இந்த இடத்தைத்தான் காட்டுவோம்.

மனஉளைச்சலால் வலிப்பு போலவே வரும் தாக்குதல்களும் உண்டு. நடிப்பு என்று அவற்றைத் தள்ளக் கூடாது, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஆகவே நாங்கள் நினைத்தது உலகத்தில் நடக்காத ஒன்று இல்லை. விசாரிக்காமல் முடிவுகட்டினோம் என்பதுதான் தப்பு.

அடுத்த தடவை தயாராகப் போனோம். செவிலியர் சொன்னபடி அவளுடைய அண்ணன் செல்போனில் இரண்டு தடவை வந்ததைப் படம் பிடித்து வைத்திருந்தான். வந்த தேதி, நேரம் எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருந்தோம். இந்த முறை பார்த்தவர் ஒரு இளம் பெண் டாக்டர், மேற்படிப்பு படித்துக்கொண்டிருப்பவர். வீடியோவை இரண்டு முறை பார்த்தார். பிறகு ஆயாவுக்கு நாற்காலி போடச் சொல்லி, "பாட்டி, வர்றதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லுவாளா?" என்று கேட்டார். ஆயா முடி கருகும் வாடையைச் சொன்னார். டாக்டர் எழுதினார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

இரவெல்லாம் தூங்காமல் இருந்து மறுநாள் காலையில் எடுக்கும் இஇஜிக்கு எழுதிக்கொடுத்தார். தூக்கம் கெட்டால் மூளை தன் குறையை எளிதாகக் காட்டிக்கொடுக்கும். அந்த இரவு எங்களுக்குத் திருவிழா. தலைக்கு எண்ணெய் வைக்காமல் சீயக்காய் போட்டுக் குளித்தாள். டீ கிடையாது. சமுதாயக் கூடத்தில் கேரம் ஆடினோம், லேப்டாப்பில் பரியேறும் பெருமாள் பார்த்தோம். மூன்று மணிக்கு மேல் எங்களில் இரண்டு பேர் தூங்கிவிட்டோம், அவள்தான் எழுப்பினாள். காலையில் வயர் ஒட்டியதும் ஐந்து நிமிடத்தில் தூங்கினாள். இடது டெம்பொரல் பகுதியில் கூரான அலைகள் வந்தன. பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம். "அது... அது..." என்று அவள் தேடியதற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார்.

தலை ஸ்கேன் எடுத்தார்கள். அதே இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி. சுண்ணாம்பு படிந்த தழும்பு. மூளையில் நாடாப்புழுவின் கூடு எப்போதோ உட்கார்ந்து, செத்து, இறுகிப்போயிருக்கிறது. புழு இல்லை, அதன் தழும்புதான் வலிப்பைக் கொடுக்கிறது. அதனால் புழுவுக்கு மருந்து தேவையில்லை, வலிப்புக்கு மட்டும் போதும் என்றார்கள்.

சீட்டு எழுதிய வேறொருவர் அந்த வராந்தாவில் நாற்பது பேர் முன்னால் சத்தமாகக் கேட்டார்: "பன்னிக்கறி சாப்பிடுவீங்களா?" ஆயாவின் முகம் தரையைப் பார்த்தது. "எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்லீங்க" என்றார். அது பொய் என்று எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல வைத்தது எது என்றும் தெரியும்.

அறிவியல் என்ன சொல்கிறது? சரியாக வேகாத பன்றிக்கறியில் இருக்கும் புழுக்கூட்டைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்கு அது போகாது. குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியே வருகின்றன. அந்த முட்டை தண்ணீர் வழியாகவோ, பச்சைக் காய்கறி வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் மூளையில் கூடு கட்டும். அதாவது மூளைப்புழு வருவது கறியால் இல்லை, மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும். பன்றிக்கறியைத் தொடாதவர்களுக்கும், சுத்த சைவர்களுக்கும் வரும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், பன்றியை மதத்தாலேயே விலக்கிய பழமைவாத யூதக் குடும்பங்களில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது மருத்துவ உலகில் பிரபலமான செய்தி. வீட்டில் சமைத்தவர்களின் குடலில் இருந்த புழுவிலிருந்து முட்டை வந்திருந்தது. இதைச் சொன்னால் "அதான் வேலைக்காரங்க கை படக்கூடாதுங்கறது" என்று கிளம்பவும் நம் நாட்டில் ஆள் உண்டு. குடலில் உள்ள நாடாப்புழுவுக்கு ஒரு வேளை மாத்திரை போதும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நம் பக்கம் முட்டைக்கோஸ் தின்றால் மூளையில் புழு வரும் என்று ஒரு வதந்தி ஓடும். அதிலும் குற்றம் கோஸுக்கு இல்லை, அது வளர்ந்த தண்ணீருக்கு.

வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் செய்த ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளைப்புழுவே காரணம் என்று தெரிந்தது. சரியான கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் இருந்தால் வந்திருக்காத நோய் இது. எங்கள் காலனிக்குக் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது, இரண்டு இடத்தில் உடைசல். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். யாரும் கலக்காமலேயே வருடக்கணக்கில் கலந்துகொண்டிருக்கும் குழாய்களைப் பற்றி நாங்கள் அதுவரை ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. ஆகவே சாதி என்று நாங்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அது இருந்த இடம்தான் வேறு. வகுப்பறையில் தேடினோம், அது தண்ணீரில் இருந்தது.

எல்லாப் பகுதி வலிப்புக்கும் புழு காரணம் இல்லை. பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தைகள், தலையில் அடிபட்டவர்கள், மூளையில் காசநோய்க் கட்டி வந்தவர்கள், சின்ன வயதில் நீண்ட நேரம் காய்ச்சல் வலிப்பு வந்தவர்கள் என்று பலருக்கும் வரும். பலருக்குக் காரணமே தெரியாது. மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை சிகிச்சை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் செய்கிறார்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றும், சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அவளுக்குக் கார்பமசிபைன் கொடுத்தார்கள், அரசு மருத்துவமனையிலேயே இலவசம். முதல் இரண்டு வாரம் தூங்கி விழுந்தாள், தலை சுற்றியது. உடம்பில் தடிப்பு வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. ஒரு மாதம் மருந்தகத்தில் மாத்திரை தீர்ந்துபோய் வெளியில் வாங்கினோம். நடுவில் நிறுத்தினால் பெரிய வலிப்பே வரலாம் என்று எச்சரித்திருந்தார்கள். இப்போது ஒன்பது மாதமாக வரவில்லை. மாத்திரை டப்பா அண்ணல் அம்பேத்கர் படத்துக்குக் கீழே இருக்கிறது. பூசாரி கட்டிய கறுப்புக் கயிறும் அவள் கையில் இருக்கிறது. அதை அவிழ்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆயாவிடம் வகுப்பெடுப்பதை நிறுத்திவிட்டோம்.

உங்கள் படிப்பகத்தில், விடுதியில் யாருக்காவது இப்படி வந்தால் கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். அடுப்பு, கிணறு, ரோடு பக்கம் போகாமல் மெதுவாகத் திருப்பிவிட்டுக் கூடவே இருங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். முடிந்தால் படம் பிடியுங்கள், டாக்டருக்குக் காட்ட மட்டும். கீழே விழுந்து வெட்டினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், இரும்பும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108ஐக் கூப்பிடுங்கள்.

உறவுக்காரர்களின் இப்போதைய கவலை கல்யாணம். "வெளிய சொல்லாதீங்க, எவனும் கட்டமாட்டான்" என்கிறார்கள். வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று சொல்ல இடம் தந்த சட்டப்பிரிவு 1999லேயே திருத்தப்பட்டுவிட்டது என்று சொன்னோம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் வலிப்பு நோய் தனியாகச் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொன்னோம். அதற்காகத் தனியாகப் பேச வேண்டும், இன்னொரு நாள் எழுதுகிறோம்.

அவளுக்கு அந்தக் கவலை இல்லை. இப்போது பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறாள். பதினொன்றாம் வகுப்பு போனால் அரசு சைக்கிள் கொடுக்கும். "ரோட்டுல ஓட்டலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்கக்கா" என்றாள். நாங்கள் கேட்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளையே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓ.பி.